ஸ்கோர் சித்தி எழுதிய மேட்ச்

சாவு வீட்டுக்குப் போய், "ஆட்டம் எந்த எடத்துல கைவிட்டுப் போச்சு?" என்று கேட்ட மனுஷி இந்த உலகத்தில் ஒருத்திதான் இருப்பாள். அவள் எனக்கு ஓரகத்தி. என் கொழுந்தன் பெண்டாட்டி.

திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்குத் தூரத்து உறவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். நான் முறைப்படி வாசலிலேயே அழ ஆரம்பித்து, உள்ளே போய் அவர் மனைவியான அத்தையைக் கட்டிப்பிடித்து, மூக்கைச் சிந்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். இவள் அழவே இல்லை. நேராக அந்த அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, போன வாரம் வரைக்கும் நல்லா ஆடிக்கிட்டிருந்தாரே என்று ஆரம்பித்து, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்த அத்தையோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, சர்க்கரை ஏறினது, டாக்டர் எச்சரித்தது, அப்படியும் கேட்காமல் ஒளித்து வைத்து மாம்பழம் தின்றது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். "அப்ப மாம்பழம்தான் திருப்புமுனை" என்றாள் இவள். "அதேதாம்மா" என்றார் அத்தை.

காரியத்தன்று அந்த அத்தை எல்லார் எதிரிலும், வந்தவங்கள்லயே இவ ஒருத்திதான் ஒழுங்கா விசாரிச்சா என்று சொன்னார். நான் அழுத அழுகையை ஒருத்தரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவள் பேர் இங்கே வேண்டாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வைத்த பேர் ஸ்கோர் சித்தி. தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட, "ஸ்கோர் சித்தி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது படிப்பெல்லாம் முடித்து, சென்னையில் ஒரு பத்திரிகையில் இருக்கிறாள். கொழுந்தனும் மாற்றல் வாங்கிக்கொண்டு கூடப் போய்விட்டார். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். வெள்ளிக்கிழமை விரதம், பிரதோஷம் எதையும் விட்டதில்லை. பொறாமைப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் சாமிக்கு ஓரகத்தி இருந்திருந்தால் சாமிக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

அவள் படிக்கப் போன கதையே ஒரு கூத்து. ஒரு மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பெண்கள் கபடி நடந்தது. மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. யார் தலைமை தாங்கினார், யார் முன்னிலை வகித்தார், யார் யாருக்குப் பொன்னாடை போர்த்தினார், யார் நன்றி கூறினார், எல்லாம் இருந்தது. ஆடின பெண்கள் பேர் ஒன்றுகூட இல்லை. ஜெயித்தது யார் என்பதும் இல்லை. அவள் பேப்பரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பேர்கள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்பதுபோல ஒரு உதறு உதறினாள். உடனே பேப்பர் ஆபீஸுக்குப் போன் போட்டு, "சார், நேத்து மேட்ச்ல யாரு சார் ஜெயிச்சாங்க?" என்று கேட்டாள். எடுத்தவர் பாவம், இடம் பத்தலைம்மா என்றார்.

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் வந்து, "மாமா, நான் படிக்கப் போறேன்" என்றாள்.

நாங்கள் தையலோ என்று நினைத்தோம். சிதம்பரத்தில் விளையாட்டுப் பத்திரிகைத் தொழிலுக்கு என்று ஒரு எம்.ஏ. இருக்கிறதாம். மேட்ச் பார்த்து எழுதுவதற்கு எம்.ஏ.வா என்று நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன். கல்யாணமான புதிதில் தையல் கிளாஸ் போகிறேன் என்று நான் கேட்டபோது, வீட்ட யாரு பாக்கறது என்று கேட்ட அதே என் வீட்டுக்காரர், "நல்லாப் படிம்மா" என்றார். எனக்கு ஒருநாள்கூடக் காப்பி கலந்து தராத என் மாமியார், காலையில் எழுந்து அவளுக்கு டிபன் கட்டிக் கொடுத்தார். அதுவும் முட்டை வைத்து. நான் அடுக்களைக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முட்டை என்னமோ நான் வேகவைத்ததுதான்.

தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் வருவாள். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்ஸும் கவர்மென்ட் பஸ்ஸும் ஒன்றையொன்று முந்தாமல் ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் அதை வைத்துப் பயிற்சி எடுத்தாள். குடிகாடு, செம்மங்குப்பம் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனி வாடைக்குப் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும். இவள் மட்டும் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, பச்சை பஸ் வலதுபக்கமாக ஏறுகிறது, நம்ம டிரைவர் இடம் கொடுக்க மறுக்கிறார், ஆலப்பாக்கம் ஸ்டாப்பிங்கில் பச்சை பஸ் ஒரு ஆளை ஏற்றி நேரத்தைக் கோட்டைவிட்டது என்று வர்ணனை சொல்லிக்கொண்டு போவாள். கண்டக்டர் அவளுக்கென்று முன் சீட்டில் துண்டு போட்டு வைக்க ஆரம்பித்தார். பரங்கிப்பேட்டைக்குப் போகிற ஒரு பாய் தூங்கி எழுந்தால், "இப்ப யாரும்மா முன்னால?" என்று கேட்பாராம். ஒருநாள் நானும் சிதம்பரம் கோயிலுக்கு அதே பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஸ்கோர் சித்தி வரலியா?" என்றார். நான் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

படிப்பு ஏற ஏற வீட்டில் நிம்மதி போனது. ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் எழுதணும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம். ஒருநாள் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று எனக்கும் மாமியாருக்கும் வாய்ச்சண்டை. வழக்கமாக ஓரகத்தி என்றால் ஒரு பக்கம் சேரவேண்டும், இல்லாவிட்டால் மொட்டை மாடிக்குத் துணி காயவைக்கப் போய்விட வேண்டும். இவள் ரெண்டும் செய்யாமல் செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு மாமியார் வாய்க்கு நேராக நீட்டி, "உப்பு பத்தி நீங்க என்ன சொல்ல விரும்பறீங்க அத்தை?" என்றாள். அவர் சொன்னதும் என் பக்கம் திரும்பி, "இதுக்கு உங்க பதில் என்னக்கா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாருக்கும் வந்துவிட்டது. நல்லா சூடு பிடித்து வந்த சண்டை, முடிவு தெரியாமல் நின்றுபோனது. அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

உறவில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. எல்லாரும் நம்ம பேர் இருக்கிறதா என்று பார்ப்போம். இவள் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். எம்.எல்.ஏ. முதல் வரி, பெரிய மாமா இரண்டாவது வரி, பொண்ணு பேர் எங்கேயோ கீழே கிடக்கிறது என்று குறைப்பட்டாள். "பேப்பர்ல எடம் பத்தலன்னா கீழேர்ந்துதான் வெட்டுவாங்கக்கா. மொதல்ல பொண்ணு காணாமப் போவும்" என்றாள். பத்திரிகை வைக்க வந்த பெண்ணின் அப்பா சொம்புத் தண்ணியைக் குடித்த பாதியில் நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்தில் தேர். ஐந்து தேரும் நாலு வீதி சுற்றி வருவது கண்கொள்ளாக் காட்சி. கூட்டத்தைப் பார்த்து ஒரு ரிப்போர்ட் எழுதி வரச்சொல்லி வகுப்பில் வேலை கொடுத்திருந்தார்கள். நான் கீழவீதியில் கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நிற்கிறேன். இவள் பக்கத்தில் நின்று முணுமுணுக்கிறாள்: "பிள்ளையார் தொடக்கத்துலயே முன்னிலை. முருகன் நெருக்கமா தொடர்றார். மேலவீதி திருப்பத்துல அம்மன் தேர் தடுமாறும்னு எதிர்பார்க்கலாம்."

சாமிக்கு ரேஸாடி வைக்கிறே என்று அதட்டினேன். அவள் பயபக்தியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாயங்காலம் எழுதினதைக் காட்டினாள். கடைசி வரி இப்படி இருந்தது: "ஐந்தாவதாக வந்த சண்டிகேஸ்வரர், முன்னால் யார் போகிறார்கள் என்று கவலைப்படாமல், ஒரே சீராக வந்து சேர்ந்தார்." நான் பிறந்ததிலிருந்து அந்தத் தேரைப் பார்க்கிறேன். சண்டிகேஸ்வரர் தேர் வருவதற்குள் பாதிப்பேர் சுண்டல் வாங்கக் கிளம்பியிருப்பார்கள், நானும்தான். அந்த வருஷத்திலிருந்து அவர் தேர் கடக்கிற வரைக்கும் நிற்கிறேன். அவளால்தான் நிற்கிறேன் என்பதே எனக்கு எரிச்சல். என் பக்தியில் அவள் எதற்கு வரவேண்டும்?

இப்போது என் மகள் தாரணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தாரணி கபடி ஆடுவாள். ரெய்டு போகிறவள், அதாவது பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டு வருகிறவள். பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம். சிதம்பரத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து படிக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவளுக்குப் பிடித்த மீன்குழம்பு வைப்பது நான். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது நான். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால், செருப்பைக்கூடக் கழற்றாமல், "சித்தி எங்க?" என்பாள். ரெண்டு பேரும் உட்கார்ந்து எந்த ரெய்டில் என்ன நடந்தது என்று பேசுவார்கள். நான் குழம்பைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி அது பாதியாக வற்றிப் போகும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு போட்டி. தாரணி டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. மறுவாரம் சிதம்பரத்தில் தேர்வு ஆட்டம், அதனால் அவளுக்கு இது பெரிய நாள். ஸ்கோர் சித்திக்கும் அன்று வேலை இருந்தது. அவர்கள் படிப்பில், எழுதியது ஒன்றாவது நிஜப் பேப்பரில் அச்சாக வேண்டுமாம். இந்த மேட்சைத்தான் எழுதப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வீட்டு ஆள் எழுதினால் பிள்ளையைத் தூக்கித்தானே எழுதுவாள். திருவந்திபுரம் பெருமாளுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டேன். என் முடியைச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் முடி. அவர் அன்று மேடையில் பொன்னாடை போர்த்துகிற ஆட்களில் ஒருத்தர்.

மைதான ஓரத்தில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். தாரணி ஒவ்வொரு தடவை தொட்டுவிட்டு வரும்போதும் நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. இவள் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தாள். நம்ம பொண்ணுடி, ஒரு தட்டு தட்டினா கை தேஞ்சா போவும் என்று கேட்டேன். "எழுதறவ தட்டக் கூடாதுக்கா" என்றாள். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசி ரெய்டு. ரெண்டு பக்கமும் சமமான புள்ளி. தாரணி சும்மா போய்விட்டுத் திரும்பி வந்தாலே போதும், தோற்காமல் கூடுதல் நேரம் கிடைக்கும். அவள் ஓரமாகப் பாய்ந்தாள். வலது கால், கோட்டுக்கு வெளியே இருக்கிற ஓரப் பட்டையில் பட்டுவிட்டது. யாரையாவது தொட்ட பிறகுதான் அதில் மிதிக்கலாம். அவள் யாரையும் தொட்டிருக்கவில்லை. விசில் அடித்தார்கள். ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

தாரணி வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி லாஃப்டில் தூக்கிப் போட்டாள். இனி ஆடமாட்டேன், சிதம்பரத்துக்கும் போகமாட்டேன் என்றாள். சாப்பிடவில்லை. நான் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். நெடி வரவில்லை, கண்ணு பட்டதுதான் என்றேன். ரெஃப்ரி எதிர் டீம் ஊர்க்காரன், வேணும்னே ஊதிட்டான் என்றேன். பெத்தவள் வேறு என்ன சொல்வாள்? அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் என்ன சொன்னாலும், "விடும்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. ஷூ லாஃப்டிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேப்பர் வந்தது.

முதலில் என் வீட்டுக்காரர் படித்தார். படித்துவிட்டு, "எம் பேரு எங்க?" என்றார். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், பொன்னாடை போர்த்தியவர் ஒருத்தர் பேரும் இல்லை. ஆடின அத்தனை பெண்கள் பேரும் இருந்தது. அடுத்து நான் பிடுங்கிப் படித்தேன்.

"கடைசி ரெய்டில் யாரையும் தொடாமல் ஓரப் பட்டையை மிதித்தது தாரணியின் தவறு. நடுவர் சரியாகவே விசில் அடித்தார். அவசரம் இல்லாத இடத்தில் தாரணி அவசரப்பட்டார். அதுவரை ஆட்டம் முழுக்க அவர் கணுக்காலில் எதிரணி ஒரு விரலைக்கூட வைக்க முடியவில்லை. தாரணி இந்தச் செய்தியாளரின் வீட்டுப் பெண். ஆகவே ஒரு வரி குறைத்தே புகழப்படுகிறார்."

பேப்பரோடு நேராக ஓரகத்தியிடம் போனேன். அவள் அப்போதுதான் காலேஜ் கிளம்பப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். ஊரே படிக்கிற பேப்பரில், பிள்ளை பேரைப் போட்டு, தப்பு தப்பு என்று எழுதுவதா? வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். முட்டை வேகவைத்த கணக்கைக்கூடச் சொல்லிக்காட்டினேன். கடைசியாக, "ஊரான் எழுதியிருந்தா போறான்னு விட்டுருவேன். நீ அவளுக்குச் சித்திடி" என்றேன்.

அவள் பையை இறக்கி வைத்தாள்.

"ரெஃப்ரி ஏமாத்திட்டாருன்னு நீங்க சொல்றீங்கக்கா. சரி, அவ என்ன பண்ணுவா? ரெஃப்ரிய மாத்த அவளால முடியுமா? காலுன்னா, அவளே மாத்திக்குவா."

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் தாரணி எழுந்து வந்து என் கையிலிருந்து பேப்பரை வாங்கினாள். நான் தடுத்தேன், விடவில்லை. நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் களுக்கென்று ஒரு சத்தம். பிள்ளை சிரித்தாள். அத்தனை நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

"எந்த வரி சித்தி கொறச்சே?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது."

"நல்ல வரியா?"

"ரொம்ப நல்ல வரி. அதான் எடுத்துட்டேன்."

தாரணி ஸ்டூலைப் போட்டு லாஃப்டில் கையை விட்டாள். எனக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. பெற்று, வளர்த்து, எண்ணெய் தேய்த்து, சுற்றிப் போட்டவள் நான். அந்த ஷூவை இறக்கி வைக்க நாலு வரி எழுதத் தெரியவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பூஜை ரூமில் போய் விளக்கைத் துடைக்கிற சாக்கில் உட்கார்ந்து, இதுக்கா இத்தனை விரதம் இருந்தேன் என்று சாமியிடம் சண்டை போட்டேன்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வீட்டுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. என் கோலப்பொடி டப்பா காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. துணி துவைக்கிற கல்லிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் கபடிக் கோடு போட்டிருந்தார்கள், ஓரப் பட்டையும் சேர்த்து. ஒரு கோடாவது நேராக இருக்கவேண்டுமே. ஸ்கோர் சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பக்கம் நிற்கிறாள். தாரணி திரும்பத் திரும்ப ரெய்டு வருகிறாள். ஓரத்துக்கு வரும்போதெல்லாம் கால் நிற்கிறது. நின்று, யோசித்து, திரும்புகிறது. நான் அர்ச்சனைத் தட்டோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன். கால் போகவில்லை.

"அக்கா" என்று அவள் கூப்பிட்டாள். "இந்தப் பக்கம் ஆள் இல்ல. வந்து நில்லுங்க."

எனக்கு என்ன தெரியும் கபடி என்றேன். ஒன்றும் தெரியவேண்டாம், ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றால் போதும், அதுக்குப் பேரு செயின் என்றாள். தாரணி, "வாம்மா, பயப்படாதே, மெதுவாத்தான் வருவேன்" என்று சீண்டினாள். தட்டைக் கல்லின்மேல் வைத்தேன். புடவையைச் செருகினேன். போய் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல கெட்டிப்பிடி. அவள் உள்ளங்கையெல்லாம் என் கோலப்பொடி.

தாரணி பாடிக்கொண்டே வந்தாள். இடதுபக்கம் வருவதுபோல் வந்து வலதுபக்கம் பாய்ந்தாள். ஓரப் பட்டையைத் தொடாமல், எங்கள் ரெண்டு பேரையும் தொட்டுவிட்டு, நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆட்டப்படி நாங்கள் ரெண்டு பேரும் அவுட். வெளியே போங்க என்று பிள்ளை விரட்டினாள். முருங்கை மரத்தடியில் போய் நின்றோம், மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் கையை நான் இன்னும் விடவில்லை.